எழுத மறுக்கும் பிள்ளையும் நாலு பேர் சேர்ந்து கட்டும் கதையும்

"எனக்கு எழுத வராது" என்று ஒரு பிள்ளை சொன்னால், அந்தப் பிள்ளையிடம் சொல்ல ஒன்றும் இல்லை என்று நாங்கள் முடிவு கட்டிவிடுகிறோம். அதே பிள்ளை ஸ்கூல் வேனில் வரும்போது நேற்றுப் பார்த்த படத்தை, பக்கத்து வீட்டு நாய் மதிலேறிக் குதித்ததை, வகுப்பில் யாருக்கும் யாருக்கும் கோபம் என்பதையெல்லாம் வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டு வரும், வேன் வீட்டு வாசலில் வந்து நின்ற பிறகும் இறங்க மனமில்லாமல் மிச்சத்தைச் சொல்லும். கதை அங்கே தாராளமாக இருக்கிறது. கொப்பியைத் திறந்ததும் அது எங்கே போகிறது என்பதுதான் கேள்வி.

கொழும்பில் தமிழ்மொழி மூலம் படிக்கும் பிள்ளைகளோடும், சர்வதேசப் பாடசாலையில் ஆங்கிலத்தில் படித்துக்கொண்டு வீட்டில் மட்டும் தமிழ் பேசும் பிள்ளைகளோடும் கதை எழுதும் வேலையில் கொஞ்சக் காலமாக இருக்கிறேன். எனக்குத் தெரிந்து, தயங்குகிற பிள்ளையை எழுத்துக்குள் இழுத்து வர மிக நல்ல வழி, நாலு பேர் சேர்ந்து ஒரு கதையைக் கட்டுவது. ஆனால் சேர்ந்து செய்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்துத் தொடங்கினால் ஏமாந்து போவோம். எப்படிச் சேர்கிறோம், எந்த இடத்தில் பிரிந்து தனித்தனியே பேனையைப் பிடிக்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் பலன்.

முதலில் எழுதும்போது தலைக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடுவோம். 1981ல் லிண்டா பிளவர், ஜோன் ஹேய்ஸ் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள், எழுதுபவர்களை மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுத வைத்து அதைப் பதிவு செய்து ஆராய்ந்து ஒரு விளக்கம் கொடுத்தார்கள். என்ன சொல்வது என்று திட்டமிடுவது, அதை வசனமாக்குவது, எழுதியதைத் திரும்பிப் பார்த்துத் திருத்துவது என்று மூன்று வேலைகள். அவை ஒன்று முடிந்து மற்றது என்று வரிசையில் வருவதில்லை, ஒன்றுக்குள் ஒன்று புகுந்து மாறி மாறி நடக்கின்றன. சிறுபிள்ளைகளை ஆராய்ந்த பின்னவர்கள் இதோடு இன்னொன்றைச் சேர்த்தார்கள். எழுத்தை உருட்டுவதும் எழுத்துக்கூட்டுவதும் பெரியவர்களுக்குக் கை தானாகச் செய்யும் வேலை, பிள்ளைக்கு அப்படியில்லை. அதற்கே மனதின் பெரும்பங்கு செலவாகிவிட்டால், கதையை யோசிக்க மிஞ்சுவது கொஞ்சம்தான்.

தமிழில் இந்தச் சுமை எப்படி இருக்கும் என்று ஒரு வசனத்தில் பாருங்கள். "இறால் வடை விற்கும் கிழவர் வழியில் குடையைத் தவறவிட்டார்." இதை வாயால் சொல்ல இரண்டு நொடி போதும். எழுத உட்காரும் ஆறாம் தரத்துப் பிள்ளை, இறாலுக்குச் சின்ன ரவா பெரிய றவா, கிழவருக்கு எந்த ழ, தவறுக்கு எந்த று, குடையைக்குப் பிறகு த் வருமா வராதா என்று ஒவ்வொரு படியிலும் கால் தடுக்கி நின்றுதான் முற்றுப்புள்ளிக்கு வரவேண்டும். அதற்குள் கிழவர் குடையைத் தேடி எங்கே போனார் என்ற யோசனை பறந்துவிட்டது.

இது முதல் சுமை. இரண்டாவது, பேசுகிற தமிழுக்கும் எழுதுகிற தமிழுக்கும் இடையிலான தூரம். கொழும்பில் ஒரு வகுப்பில் யாழ்ப்பாணத்துப் பேச்சும் மலையகப் பேச்சும் மட்டக்களப்புப் பேச்சும் முஸ்லிம் வீடுகளின் பேச்சும் பக்கத்துப் பக்கத்துக் கதிரைகளில் இருக்கும், இடைவேளையில் சிங்களமும் ஆங்கிலமும் சேர்ந்துகொள்ளும். தான் பேசுவது எதுவும் எழுதத் தகுந்தது இல்லை என்று பிள்ளைக்கு யாரும் நேரே சொல்வதில்லை, ஆனால் சிவப்புப் பேனை சொல்லிவிடுகிறது. மூன்றாவது, புள்ளி. ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சைக்கு ஆயத்தமாகும் வயதிலிருந்தே எழுத்து என்றால் யாரோ மதிப்பிடப்போகும் ஒன்று. "எனது பொழுதுபோக்கு", "மழைநாள் ஒன்று", "நான் ஒரு பேனை பேசுகிறேன்" என்ற தலைப்புகளுக்கு ரியூஷனில் கட்டுரையை எழுதியே கொடுத்துவிடுகிறார்கள், பிள்ளை பாடமாக்கி ஒப்புவிக்கிறது. ஆண்டுதோறும் நடக்கும் தமிழ்மொழித் தினப் போட்டிகளுக்கும் வகுப்பில் ஏற்கெனவே நன்றாக எழுதும் ஒரு பிள்ளையைத்தான் தெரிவு செய்து அனுப்புவோம். தயங்கும் பிள்ளை இதையெல்லாம் கவனித்து, எழுத்து எனக்கான வேலை இல்லை என்று ஒரு தீர்மானத்துக்கு வந்துவிடும். பத்து வயதில் எடுத்த அந்தத் தீர்மானத்தை அப்புறம் மாற்றுவது லேசான காரியம் இல்லை.

சேர்ந்து கதை சொல்வது இந்த மூன்று சுமையையும் கொஞ்ச நேரத்துக்குத் தோளிலிருந்து இறக்கி வைக்கிறது. எழுத்துக்கூட்டும் வேலையை ஒரு பெரியவர் எடுத்துக்கொள்கிறார், சொல் தெரியாவிட்டால் பக்கத்தில் இருப்பவருக்குத் தெரிந்திருக்கும், கதை பிழைத்தாலும் அது ஒருவருடைய பிழை இல்லை. இறக்கி வைத்த இடத்தில் யோசனைக்கு இடம் கிடைக்கிறது. 1934ல் முப்பத்தேழு வயதில் இறந்துபோன ரஷ்ய உளவியலாளர் லெவ் வைகோட்ஸ்கி சொன்னதும் இதுதான்: இன்று ஒருவரின் துணையோடு பிள்ளை செய்யக்கூடியதை நாளை தனியே செய்யும், ஆகவே கற்பித்தல் அந்த இடைவெளியில் நடக்கவேண்டும். இதில் "நாளை தனியே" என்ற பாதியைத்தான் நாங்கள் அடிக்கடி மறந்துவிடுகிறோம், அதற்குப் பிறகு வருகிறேன்.

ஆய்வுப் பக்கமாகவும் இதற்கு ஆதாரம் உண்டு. அமெரிக்காவில் நான்காம் தரம் முதல் பன்னிரண்டாம் தரம் வரையான மாணவரின் எழுத்தை மேம்படுத்தும் முறைகள் பற்றிய ஆய்வுகளையெல்லாம் ஒன்றாக்கி, ஸ்டீவ் கிரஹாமும் டொலோரஸ் பெரினும் 2007ல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். சேர்ந்து எழுதும் முறையின் விளைவை அவர்கள் 0.75 என்று கணித்தார்கள். இந்த மாதிரிக் கணக்கில் 0.2 என்றால் சிறிய விளைவு, 0.8 என்றால் பெரிய விளைவு, ஆகவே 0.75 நல்ல உயரத்தில் இருக்கிறது. அதே அறிக்கையில் இலக்கணத்தைத் தனியே பிரித்துப் படிப்பித்ததன் விளைவு பூச்சியத்துக்குக் கீழே, மைனஸ் 0.32 என்று வந்தது. இது ஆங்கில எழுத்தைப் பற்றிய கணக்கு, தமிழுக்கு அப்படியே தூக்கி வைக்க முடியாது. ஆனாலும் வினைத்தொகைக்கு மேல் வினைத்தொகையாகப் பயிற்சித்தாள் கொடுத்துக்கொண்டு, பிள்ளைக்குக் கட்டுரை வரவில்லையே என்று கவலைப்படுகிற எல்லாருக்கும் இதைச் சொல்ல ஆசைப்படுகிறேன்.

முறை மாறி மாறிச் சொல்வது எங்களுக்குப் புதிதும் இல்லை. ஒரு புலவர் ஈற்றடி கொடுக்க இன்னொருவர் வெண்பாவை முடிப்பது பழைய வழக்கம். இலங்கை வானொலியில் பி. எச். அப்துல் ஹமீத் நடத்திய 'பாட்டுக்குப் பாட்டு' கேட்டு வளர்ந்த வீடுகள் இந்த ஊரில் எத்தனையோ. ஒருவர் விட்ட எழுத்தில் மற்றவர் பிடிப்பது அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்காமலே வரும்.

சரி, எப்படிச் செய்வது? எல்லாருக்கும் முதலில் தோன்றுவது தொடர்கதை முறை. ஒரு தாள், முதல் பிள்ளை ஒரு பந்தி, அடுத்த பிள்ளை அடுத்த பந்தி என்று சுற்றிவரும். எனக்கு இதில் பெரிய நம்பிக்கை இல்லை. ஒரு பிள்ளை எழுதும்போது மற்ற மூவரும் சும்மா இருக்கிறார்கள், தயங்கும் பிள்ளையின் முறை வரும்போது மூன்று சோடிக் கண்கள் அதன் கையையே பார்த்துக்கொண்டிருக்கின்றன, அதைவிடக் கொடுமையான எழுத்துச் சூழல் வேறு இல்லை. கதையும் பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடியும்: முதல் பந்தியில் காட்டுக்குப் போனவன் இரண்டாம் பந்தியில் விண்கலத்தில் ஏறுவான், மூன்றாவதில் எல்லாரும் செத்துப் போவார்கள், நான்காவதில் எல்லாம் கனவு. தாளை மடித்து, முந்தியவர் எழுதியதைப் பாராமல் எழுதும் விளையாட்டு இன்னொன்று. 1925 அளவில் பாரிஸில் சர்ரியலிசக் கவிஞர்களும் ஓவியர்களும் விளையாடியது. முதல்நாள் கூச்சம் தெளிய, வயிறு வலிக்கச் சிரிக்க மிக நல்லது. அதற்கு மேல் அதிலிருந்து ஒன்றும் எதிர்பார்க்க வேண்டாம்.

நான் நம்பிப் பிடித்துக்கொண்டிருப்பது வேறு ஒரு முறை: தொடக்கம் எல்லாருக்கும் பொது, முடிவு ஒவ்வொருவருக்கும் சொந்தம். 2002ல் சான் பிரான்சிஸ்கோவில் டேவ் எகர்ஸ், நினிவே கலேகாரி இருவரும் தொடங்கிய 826 வலென்சியா என்ற எழுத்து நிலையத்தில் வகுப்பு வகுப்பாக வரும் பிள்ளைகளோடு இப்படிச் செய்கிறார்கள் (அந்தக் கட்டடத்தில் ஒரு கடை நடத்தியாக வேண்டும் என்று நகர விதி இருந்ததால் முன்பக்கத்தில் கடற்கொள்ளையருக்கான சாமான் கடை ஒன்றை வைத்தார்களாம், பிள்ளைகளுக்கு அதற்குள்ளால் போவதே பாதிக் கதை). டப்ளினில் எழுத்தாளர் ரொடி டொய்ல், ஷோன் லவ் என்பவரோடு சேர்ந்து 2009ல் தொடங்கிய ஃபைட்டிங் வேர்ட்ஸ் நிலையத்திலும் இதே வடிவம்தான். பிள்ளைகள் வாயால் சொல்லச் சொல்ல ஒரு பெரியவர் எல்லாருக்கும் தெரியும்படி அதைத் தட்டெழுதுகிறார், ஒருவர் படம் வரைகிறார், கதை உச்சத்துக்கு வந்ததும் நிறுத்திவிடுகிறார்கள். அங்கிருந்து ஒவ்வொரு பிள்ளையும் தன் முடிவைத் தானே எழுதி, பொதுப் பகுதியோடு சேர்த்துப் புத்தகமாகக் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோகும்.

இதைச் செய்யப் பெரிய நிலையம் தேவையில்லை. வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடி வீட்டின் முன்னறை, சுவரில் ஒட்டிய டிமைத் தாள், ஒரு மார்க்கர் பேனை, நாலு பிள்ளைகள். கதைக்கு விதை போட இத்தாலிய எழுத்தாளர் ஜானி ரொடாரியின் உத்தி ஒன்று இருக்கிறது. சம்பந்தமே இல்லாத இரண்டு பெயர்ச்சொற்களைப் பக்கத்தில் வைப்பது. இரண்டுக்கும் இடையில் உறவு தேடும்போதே கதை பிறந்துவிடும். பிள்ளைகளுக்கான எழுத்துக்கு உலகின் பெரிய விருதான ஹான்ஸ் கிறிஸ்டியன் அண்டர்சன் விருதை 1970ல் பெற்றவர் அவர். அன்றைக்கு நாங்கள் சீட்டுக் குலுக்கிப் போட்டபோது வந்தவை குடையும் இறால் வடையும். காலிமுகத்திடலில் இறால் வடை விற்கும் ஒரு தாத்தாவின் குடை தொலைந்துபோனது என்பது வரை ஒரு நிமிடத்தில் வந்தாயிற்று. தெமட்டகொடையிலிருந்து வரும் ஒரு பிள்ளை, "அவர்ட பேத்தி உம்மாக்கிட்டச் சொல்லும்" என்றாள், வடைத் தாத்தா வீட்டில் உம்மா இருக்கட்டும் என்று மற்றவர்களும் ஒத்துக்கொண்டார்கள், கதையில் ஒரு குடும்பம் வந்து உட்கார்ந்தது. ஏழாம் தரத்துப் பையன் ஒருவன் மட்டும் "நான் படம் மட்டும் கீறுறன்" என்று ஒதுங்கி இருந்தான். குடையை எங்கே விட்டிருப்பார் என்று நான் எல்லாரையும் பார்த்துக் கேட்டபோது, தலை நிமிராமல் "ட்ரெயின்ல" என்றான். எந்த ட்ரெயின்? அவ்வளவுதான், அவன் தெஹிவளையிலிருந்து தினம் ரயிலில் பாடசாலைக்குப் போகிறவன், பம்பலப்பிட்டியில் எது நிற்கும், எது நிற்காது, மழை என்றால் எவ்வளவு பிந்தும் என்பதெல்லாம் அவனுக்குத்தான் தெரியும். "வெள்ளவத்தையில நிண்டு பாத்தா பிரயோசனமில்ல, அது எக்ஸ்பிரஸ், நிக்காமப் போயிடும்" என்று அவன் சொன்னதும் கதைக்கு ஒரு சிக்கல் கிடைத்தது. தாத்தா மேடையில் நிற்கிறார், ரயில் நிற்காமல் போகிறது, ஜன்னல் கம்பியில் அவருடைய குடை தொங்கிக்கொண்டு கண்முன்னால் போகிறது. அந்த இடத்தில் மார்க்கரை மூடி வைத்தேன்.

எல்லாரும் "அய்யோ மிச்சம்!" என்று கத்தினார்கள். மிச்சத்தை நீங்களே எழுதுங்கள் என்று ஆளுக்கு ஒரு தாள். பையன் எழுதியது இவ்வளவுதான்: "குடை அளுத்கமயில் இறங்கியது. அங்கே மழை. ஒரு பிள்ளை அதை விரித்தது. தாத்தா இன்னும் வெள்ளவத்தையில் நிக்கிறார்." ரியூஷன் கட்டுரை எதிலும் இப்படி ஒரு முடிவை நான் படித்ததில்லை. அவனிடம் கதை இருந்தது, அதற்குப் போகும் பாதையில் கிடந்த கல்லை மற்றவர்கள் சேர்ந்து நகர்த்திக் கொடுத்தார்கள்.

இந்த முறையில் மூன்று விஷயங்களை நான் விட்டுக்கொடுப்பதில்லை. முதலாவது, தொடங்கும்போது ஓர் ஆள், ஓர் இடம், ஒரு சிக்கல் என்று மூன்றை மட்டும் உறுதியாக்கிக்கொள்வது, சிக்கல் தீர்வதற்கு முன் வேறு சிக்கல் கொண்டுவர விடுவதில்லை. அடுத்தது, பிள்ளைகளுக்குப் பழக்கமான இடத்தில் கதையை வைப்பது. காட்டில் சிங்கராசா என்று தொடங்கினால் நன்றாக வாசிக்கும் பிள்ளைதான் பேசும். ரயில், வேன், லிஃப்ட் நின்றுபோன தொடர்மாடி, கல்யாண வீடு என்று வைத்தால் எல்லாருக்கும் ஏதாவது ஒன்று மற்றவரைவிட நன்றாகத் தெரிந்திருக்கும். மூன்றாவதுதான் முக்கியம்: நிறுத்துகிற இடம். பொதுக்கதையை முடித்துவிட்டால் பிள்ளைக்கு எழுத எதுவும் மிஞ்சாது, சீக்கிரம் நிறுத்தினால் எழுத ஆசை வராது. நாலு பேரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்குகிறார்கள் பாருங்கள், அதுதான் இடம்.

இன்னும் சின்னப் பிள்ளைகளுக்கு, எழுத்தே இப்போதுதான் கைவரும் வயதில், விவியன் பேலி செய்தது பொருந்தும். சிகாகோ பல்கலைக்கழகத்தோடு சேர்ந்த பாடசாலையில் பாலர் வகுப்பு ஆசிரியையாக இருந்தவர். பிள்ளை தன் கதையைச் சொல்லும், ரீச்சர் அதன் வாயிலிருந்து வந்தபடியே எழுதிக்கொள்வார், பிறகு வகுப்பே சேர்ந்து அந்தக் கதையை நடிக்கும். கதை இரண்டு வசனமாக இருந்தாலும் சரிதான். தான் சொன்னது தாளில் ஏறி, பிறகு நண்பர்களின் உடம்பில் அசைவதைப் பார்க்கும் பிள்ளைக்கு எழுத்து எதற்கு என்று யாரும் விளக்கத் தேவையில்லை. வீட்டில் அம்மாவோ அம்மம்மாவோ இதைச் செய்யலாம். ஒன்று மட்டும், சொன்னபடியே எழுதுங்கள். "பூனை கோவிச்சுக்கொண்டு போட்டுது" என்றால் அதையே எழுதி, அதையே திரும்ப வாசித்துக் காட்டுங்கள். நீங்கள் அழகாக்கி எழுதினால் அது உங்கள் கதையாகிவிடும், பிள்ளைக்கு அது உடனே புரியும்.

சாதாரண தரப் பரீட்சைக்குக் கிட்ட வரும் பெரிய பிள்ளைகள் கதை கட்டுவதைச் சின்னப்பிள்ளை விளையாட்டு என்று நினைப்பார்கள். அவர்களுக்கு நான் சொல்வது பார்பியானாவின் வழி. இத்தாலியில் புளோரன்ஸ் நகருக்கு அப்பால் மலையில் இருக்கும் சிற்றூர் அது. அங்கே லொரென்ஸோ மிலானி என்ற பாதிரியார், அரச பாடசாலையில் ஃபெயிலாக்கித் தள்ளப்பட்ட ஏழை வீட்டுப் பிள்ளைகளை வைத்துப் படிப்பித்தார். அவர்களில் எட்டுப் பேர் சேர்ந்து ஓர் ஆசிரியைக்கு எழுதும் கடிதமாக ஒரு முழுப் புத்தகம் எழுதினார்கள், 1967ல் வெளிவந்து இத்தாலியின் கல்வி முறையையே கேள்வி கேட்ட புத்தகம். எழுதிய விதமும் அதிலேயே இருக்கிறது. தோன்றுவதையெல்லாம் துண்டுத் தாளில், ஒரு பக்கத்தில் மட்டும் எழுதுவது. எல்லாத் துண்டுகளையும் பெரிய மேசையில் பரப்பி, ஒரே மாதிரியானதைக் கழித்து, மிச்சத்தைக் குவியல் குவியலாகப் பிரிப்பது. குவியல்கள் அத்தியாயமாகும், அதற்குள் துண்டுகளை வரிசைப்படுத்துவது. பிறகு வாசித்து வாசித்து வேண்டாத சொல்லை, நீண்ட வசனத்தை, பொய்யான பேச்சை வெட்டுவது. இதில் "எழுத வராத" பிள்ளைக்கு எவ்வளவு வேலை இருக்கிறது பாருங்கள். நாலு சொல் எழுதிய துண்டும் மேசையில் இடம் பிடிக்கும். பெரிய மழைக்கு உங்கள் வீதியில் தண்ணீர் நின்ற நாள் என்று ஒரு விஷயத்தைக் கொடுத்து, ஆளுக்குப் பத்துத் துண்டு என்று தொடங்கிப் பார்க்கலாம். பாடமாக்கிய கட்டுரையின் வாசனை அந்தத் துண்டுகளில் வராது, ஏனென்றால் நாலு சொல்லில் ஒப்பனைக்கு இடமில்லை.

சேர்ந்து எழுதுவதில் கெட்டுப்போகும் இடங்களையும் சொல்ல வேண்டும். எந்தக் குழுவிலும் ஒரு கெட்டிக்காரப் பிள்ளை கதையைக் கையில் எடுத்துக்கொள்ளும், மற்றவர்கள் தலையாட்டுவார்கள், வெளியே இருந்து பார்த்தால் குழு நன்றாக ஓடுகிற மாதிரியே இருக்கும். தயங்கும் பிள்ளைக்கு இது மிகச் சௌகரியமான ஒளிப்பிடம். ஒவ்வொரு வாரமும் படம் கீறுவதும், தாள் வெட்டுவதும், தலைப்பைக் கலரில் எழுதுவதுமாக அது நாளைக் கடத்திவிடும், நாங்களும் "ஏதோ பங்குபற்றுகிறதே" என்று சந்தோஷப்படுவோம். ஆகவே குழு நாலு பேருக்கு மேல் போகக் கூடாது. கெட்டிக்காரப் பிள்ளைக்கு எழுத்தாளர் வேலையைக் கொடுத்துவிடுவது நல்லது, மற்றவர்கள் சொல்வதை எழுதுவது மட்டும், தன் யோசனை கடைசியில். அந்தப் பிள்ளைக்கும் கேட்கப் பழக அது உதவும். கேள்வியை எல்லாருக்கும் எறியாமல், தயங்கும் பிள்ளைக்குத் தெரிந்த விஷயத்தில் ஒரு சின்னக் கேள்வியாக, ஒரு சொல்லில் பதில் சொல்லக்கூடியதாகப் போட வேண்டும். "அப்புறம் என்ன நடக்கும்?" என்பது பெரிய கேள்வி, அதற்கு வாயடைத்துப் போகும். "கதவு பூட்டியிருக்கா திறந்திருக்கா?" என்றால் பதில் வரும், அந்தப் பதிலை அப்படியே தாளில் எழுத வேண்டும், எல்லாருக்கும் தெரிய.

கேலி இன்னொன்று. பிள்ளைகள் ஒருவரை ஒருவர் உச்சரிப்பில்தான் முதலில் சீண்டுவார்கள். தோட்டத்துப் பேச்சு, யாழ்ப்பாணத்துப் பேச்சு, ஆங்கிலம் கலந்த பேச்சு எதுவும் இங்கே சிரிப்புக்கு உரியதில்லை என்பதை முதல்நாளே சொல்லி, மீறினால் கதையை நிறுத்தி வைப்பதில் எனக்குத் தயக்கமே இல்லை. கதை எங்கே போகும் என்ற ஆவல் இருக்கும்போது நிறுத்தினால் அது நன்றாகவே உறைக்கும்.

இங்கேதான் பேச்சுத்தமிழை எழுத விடலாமா என்ற கேள்வி வரும். பெற்றோர் கேட்பார்கள், ஆசிரியர்களும் கேட்பார்கள். எனக்கு ஆச்சரியம் என்னவென்றால், இந்த நாட்டில் இதை அறுபது வருடங்களுக்கு முன்பே பேசித் தீர்த்தாயிற்று. 1960களின் தொடக்கத்தில் ஈழத்து இலக்கிய உலகில் நடந்த மரபுப் போராட்டம் இதைப் பற்றித்தான். பாமர மக்களின் பேச்சைக் கதையில் எழுதுவது இழிசனர் வழக்கு என்று பண்டிதர்கள் எதிர்த்தார்கள், கைலாசபதி போன்ற விமர்சகர்களும் அக்காலத்து முற்போக்கு எழுத்தாளர்களும் அந்தப் பேச்சின் பக்கம் நின்றார்கள். வென்றது பேச்சுதான். இன்று ஈழத்துச் சிறுகதை எதை எடுத்தாலும் பாத்திரங்கள் தங்கள் ஊர்த் தமிழில்தான் பேசுகிறார்கள். பெரியவர்களுக்குக் கிடைத்த இந்த உரிமையை நாங்கள் பிள்ளைகளுக்குக் கொடுக்க மறந்துவிட்டோம். மேற்கோள் குறிக்குள் வருவது பாத்திரத்தின் வாய், அங்கே எப்படியும் பேசலாம். வெளியே வருவது கதை சொல்பவரின் குரல், அதை மெல்ல மெல்ல எழுத்துத் தமிழுக்குக் கொண்டுவருவோம். இந்த ஒரு பிரிப்பைச் சொல்லிக் கொடுத்தாலே பாதிப் பயம் போய்விடும். உரையாடல் நிறைந்த கதையாக எழுதச் சொன்னால் எழுத மறுக்கும் பிள்ளையும் ஒரு பக்கம் எழுதுவதைக் கண்டிருக்கிறேன். சர்வதேசப் பாடசாலைப் பிள்ளைகளுக்கு இன்னும் ஒரு சலுகை வேண்டும்: சொல் வராத இடத்தில் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதிக் கீழே ஒரு கோடு போட்டுவிட்டு மேலே போகலாம், முடித்த பிறகு குழுவில் கேட்டு நிரப்பிக்கொள்ளலாம்.

திருத்துவது எப்போது? அன்றைக்கே இல்லை. எழுதி முடித்த கையோடு பிழை காட்டினால் அடுத்த வாரம் அந்தப் பிள்ளைக்குத் தலையிடி வரும், வயிற்றுக்குத்து வரும், வகுப்புக்கு மட்டும் வராது. முதலில் வாசிக்க வேண்டும், சத்தமாக, எல்லாரும் கேட்க. வாசிக்கக் கூச்சமென்றால் நண்பன் வாசிக்கலாம். கேட்டவர்கள் எந்த இடம் மனதில் நின்றது என்று மட்டும் சொல்லட்டும். அடுத்த வாரம், எல்லாருடைய கதையிலும் பொதுவாக வந்த ஒரேயொரு பிழையை எடுத்து, வடைக்காரர் நிக்கிறாரா நிற்கிறாரா என்று பேசலாம், பிள்ளைகளே போய்த் தங்கள் தாளில் மாற்றிக்கொள்வார்கள். பன்னிரண்டு பிழையை ஒரே நாளில் வட்டமிட்டுக் காட்டினால் பிள்ளைக்குத் தெரிவது பன்னிரண்டு வட்டம் மட்டுமே.

கொழும்பு வாழ்க்கையில் இதற்கெல்லாம் நேரம் எங்கே என்று கேட்பீர்கள். சனி ஞாயிறு முழுக்க ரியூஷன், மற்ற நாளில் வேன் வீட்டுக்கு வரவே பின்னேரமாகிவிடும். உண்மைதான். ஆனால் ஒரு கதைக்கு முக்கால் மணித்தியாலம் போதும், தொடர்மாடியில் நாலு வீட்டுப் பிள்ளைகள் ஒன்றுசேர்வதும் கஷ்டமில்லை. இடம் வேண்டுமென்றால் 1942லிருந்து இயங்கும் கொழும்புத் தமிழ்ச் சங்கம் வெள்ளவத்தையில் நூலகத்தோடு இருக்கிறது, விகாரமகாதேவிப் பூங்காவுக்குப் பக்கத்தில் பொது நூலகம் இருக்கிறது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய், எழுதிய பிறகு அலுமாரிகளுக்கிடையில் சுற்றவும் விடலாம். அப்புறம் எங்கள் குடும்பங்களுக்கே உரிய ஒரு வசதி இருக்கிறது. மாமா டொரன்டோவில், சித்தி லண்டனில், அம்மம்மா யாழ்ப்பாணத்தில், எல்லாரும் ஒரே வட்ஸ்அப் குழுவில். அம்மம்மா குரல்பதிவில் கதையைத் தொடங்கட்டும், டொரன்டோ மச்சாள் இரண்டு நிமிடம் தொடரட்டும், கொழும்புப் பிள்ளை மூன்றாவது. குரலில் சொல்வதற்கு எழுத்துக்கூட்டும் சுமை இல்லை. ஒருவரையொருவர் பார்க்காததால் தொடர்கதை முறையின் அந்தக் கூச்சமும் இதில் இல்லை, வேண்டுமென்றால் நாலு தரம் அழித்துப் பேசி அனுப்பலாம். கதை முடிந்ததும் எல்லாக் குரலையும் கேட்டு எழுதி எடுக்கும் வேலையைப் பிள்ளையிடம் கொடுங்கள். அம்மம்மா சொன்ன ஒரு வசனத்தை எழுத அது மூன்று தடவை திருப்பிக் கேட்கும், முற்றுப்புள்ளி எங்கே என்று யோசிக்கும், பேச்சு எப்படி எழுத்தாகிறது என்பதைப் பாடமில்லாமல் படிக்கும்.

இப்படிக் கொஞ்ச மாதம் போனால், வழக்கமாக எழுத மறுத்த பிள்ளை குழுவோடு முரண்படத் தொடங்கும். "எனக்கு இந்த முடிவு பிடிக்கல்ல", "அவர் அப்படிச் செய்ய மாட்டார்" என்று பிடிவாதம் பிடிக்கும், சில நேரம் கோபித்துக்கொண்டு எழுந்துபோகும். பெரியவர்கள் இதைக் குழப்படி என்று நினைத்துச் சமாதானம் செய்யப் போவார்கள். வேண்டாம். தன் கதை இன்னது என்று அதற்குத் தெரிய வந்துவிட்டது, வைகோட்ஸ்கி சொன்ன "தனியே" தொடங்குகிற நேரம் இதுதான். ஒரு புதுக் கொப்பியைக் கொடுத்து, அதில் என்ன எழுதினாலும் நாங்கள் கேட்காமல் பார்க்க மாட்டோம் என்று சொல்லிவிட்டு, அந்தச் சொல்லைக் காப்பாற்றுங்கள். குழுவில் அதன் கதிரையை எடுத்துவிட வேண்டாம், சில வாரம் வரும், சில வாரம் வராது. வராத வாரம் மற்ற மூவரும் கதையைக் கொண்டுபோகலாம், திரும்பி வரும்போது விட்ட இடத்தைச் சொல்லிக் கொடுக்கும் வேலையும் அவர்களுடையதாக இருக்கட்டும்.